விறகுக் கொட்டகையில் ஒரு விருந்தாளி

சாமர்செட் மாமின் ‘தி லோட்டஸ் ஈட்டர்’ சிறுகதையை இதுவரை மூன்று முறை வாசித்திருக்கிறேன். முதல் இரண்டு முறையும் தப்பாக வாசித்தேன் என்பது மூன்றாவது முறைதான் தெரிந்தது. தெரிய வைத்தவர் என் அம்மா. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால் மாமின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வில்சன் லண்டனில் ஒரு வங்கிக் கிளையின் மேலாளர். மனைவியும் ஒரே மகளும் இறந்துவிட்டார்கள். விடுமுறைக்கு இத்தாலி போகிறவன், நேப்பிள்ஸ் வளைகுடாவில் இருக்கும் காப்ரி தீவில் இரண்டு வாரம் தங்குகிறான். கடலுக்குள்ளிருந்து செங்குத்தாக எழும் ஃபராலியோனி பாறைகளைப் பௌர்ணமி நிலவில் பார்க்கிறான். அவ்வளவுதான், ஆள் காலி. லண்டன் திரும்பி வேலையில் உட்கார்ந்தாலும் மனசு ஒட்டவில்லை. ஒரு வருடம் யோசித்துவிட்டு வேலையை விடுகிறான். கையில் இருந்ததையெல்லாம் போட்டு இருபத்தைந்து வருடத்துக்கு மட்டும் பணம் வருகிற ஒரு காப்புறுதித் திட்டத்தை வாங்குகிறான். அறுபது வயது வரைக்கும் காசு வரும். அதற்கு மேல்? அதற்கு மேல் வாழப்போவதில்லை, தன்னை முடித்துக்கொள்வேன் என்கிறான். கதைசொல்லி அவனைச் சந்திப்பது 1913 ஆகஸ்டில். வில்சன் அப்போது வெகு நிம்மதியாக இருக்கிறான். புத்தகம், சீட்டு, சுமாரான பியானோ, கடல், நடை.

காசு தீர்ந்த அன்று அவனால் சாக முடியவில்லை. கடன் வாங்கி இழுக்கிறான். கடைசியில் அறையை மூடிக்கொண்டு கரி அடுப்பு மூட்டுகிறான். அதுவும் சரியாக வேலை செய்யவில்லை. உயிர் பிழைக்கிறது, புத்தி கலங்கிவிடுகிறது. அவன் குடியிருந்த வீட்டுக்காரர்களான அந்தோனியோவும் அசுந்தாவும் அவனைத் தங்கள் விறகுக் கொட்டகையில் படுக்க வைத்துச் சோறு போடுகிறார்கள். ஆறு வருடம். ஒரு காலையில் மலைச்சரிவில் இறந்து கிடக்கிறான். முந்தைய இரவு முழு நிலவு. பாறைகளைப் பார்க்கப் போயிருக்கிறான். அந்த அழகைப் பார்த்தே செத்திருப்பானோ என்று கதைசொல்லி நினைப்பதோடு கதை முடிகிறது.

தலைப்பைப் பற்றி ஒரு சிறு விலகல். இதைத் தமிழில் ‘தாமரை தின்றவன்’ என்று யாராவது மொழிபெயர்த்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். ஹோமரின் ஒடிசியில் மாலுமிகள் தின்று ஊர் திரும்ப மறந்துபோகும் ‘லோட்டோஸ்’ குளத்துப் பூ கிடையாது. வட ஆப்பிரிக்கக் கரையில் விளைகிற ஒரு பழம் என்றுதான் பலர் சொல்கிறார்கள். அவர்கள் கைகாட்டுகிற செடி நம் இலந்தைக்குப் பங்காளி. துனீசியாவின் ஜெர்பா தீவுதான் அந்த ஊர் என்று ஒரு நெடுநாள் நம்பிக்கையும் உண்டு. அந்தத் தீவும் இன்றைக்கு விடுமுறைத் தீவுதான். ஆக, ‘இலந்தைப்பழம் தின்றவன்’. தலைப்பாக எடுபடாது, ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

முதல் முறை வாசித்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, பல்கலைக்கழக விடுதி. வில்சன் ஒரு வீரனாகத் தெரிந்தான். எல்லாரும் ஆசைப்படுவதை ஒருத்தன் செய்திருக்கிறான். இரண்டாவது முறை செனவாங் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன பிறகு, இரவு ஷிப்டில். இந்த முறை அவன் ஒரு முட்டாள். பொறியியலில் எதைக் கட்டினாலும் பாதுகாப்புக் காரணி என்று ஒன்று வைப்போம். தாங்க வேண்டிய சுமை ஒன்று என்றால் ஒன்றரைக்கோ இரண்டுக்கோ வடிவமைப்போம். வில்சன் தன் வாழ்க்கைக்கு வைத்தது வெறும் ஒன்று. அன்றைக்கு இரவு என் இபிஎஃப் கணக்கை எக்செல் தாளில் போட்டு, ஐம்பத்தைந்து வயதில் எவ்வளவு இருக்கும், மாதம் எவ்வளவு எடுத்தால் எத்தனை வருடம் வரும் என்று பார்த்தேன். அந்தத் தாள் இன்னும் என் மடிக்கணினியில் இருக்கிறது. அவ்வப்போது திறப்பேன். வில்சன் முட்டாள் என்று சொல்கிறவன் எதற்கு அதைத் திறக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

இந்தக் கதையைப் பற்றி நான் பார்த்த பேச்செல்லாம் இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் ஆடுகிறது. வில்சன் செய்தது சரியா, தப்பா? சோம்பேறியா, ஞானியா? மாமும் அப்படித்தான் கேட்கச் சொல்கிறார். இருபத்தைந்து வருட சொகுசு அவன் மனவுறுதியை அரித்துவிட்டது, எதிர்ப்பே இல்லாத இடத்தில் உறுதி தளர்ந்துபோகும் என்று கதைசொல்லி ஒரு விளக்கமும் தருகிறார். தசையைப் பயன்படுத்தாவிட்டால் சூம்பிப் போகிற மாதிரி.

போன வருடம் பள்ளி விடுமுறையில் அம்மாவைப் போர்ட்டிக்சனுக்கு இரண்டு இரவு அழைத்துப் போனேன். வெளியூர் வாசகர்களுக்காக: நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குக் கடற்கரை என்றால் அது போர்ட்டிக்சன்தான். ரந்தாவ், சிலியாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அதுதான் காப்ரி. எங்கள் தோட்டத்திலிருந்து தீபாவளிக்கு மறுநாள் லோரியில் பாய் விரித்து தெலுக் கெமாங் கரைக்குப் போவோம். பிரியாணிச் சட்டியோடு போய், மணலோடு திரும்புவோம். ஒருநாள் கூட இரவு தங்கியதில்லை.

அம்மாவுக்குப் போர்ட்டிக்சன் இன்னொரு வகையிலும் பழக்கம். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டபோது தோட்டத்தில் பால்வெட்டு நின்றது. நாங்கள் லயத்தை விட்டு வந்தோம். அதன்பிறகு அம்மா பதினோரு வருடம் அங்கே ஒரு தங்கும் விடுதியில் அறை துப்புரவு செய்தார். காலையில் வேன் வரும். ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. அதனால் அறைக்குள் நுழைந்ததும் அம்மா கடலைப் பார்க்கவில்லை. மெத்தை விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்தார். ‘‘அவசரத்துல சொருவிருக்காங்க’’ என்றார்.

சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு வாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். வெள்ளைக்காரன் ஒருத்தன் இதே மாதிரி கடல் பார்க்க வந்து, திரும்பிப் போகாமலே இருந்துவிட்டான் என்று ஆரம்பித்தேன். அம்மா நிலவு வரும் இடத்திலெல்லாம் ‘ம்’ கொட்டினார். காசு தீர்ந்த இடம் வந்ததும் நிமிர்ந்தார்.

‘‘அந்தக் கடைசி ஒரு வருசம் வாடகை குடுத்தானா?’’

‘‘இல்லம்மா, கடன்தான்.’’

‘‘அதுக்கப்புறம் ஆறு வருசமா சோறு போட்டுச்சு அந்தப் பொம்பள?’’

‘‘ஆமா.’’

‘‘புத்தி கலங்குனவன்னா பீ மூத்திரமெல்லாம்? துணி யாரு தொவச்சா?’’

எனக்குத் தெரியவில்லை. கதையில் இருக்கிறதா என்றும் ஞாபகமில்லை. ‘‘அவ புருசன் ஒண்ணும் சொல்லலியாடா?’’ என்று அடுத்த கேள்வி. அம்மாவுக்கு இது வில்சனின் கதையாகவே படவில்லை. வாடகைக்கு வந்தவன் வீட்டோடு விழுந்துவிட்ட ஒரு குடும்பத்தின் கதையாகப் பட்டிருக்கிறது. நான் இருபத்தைந்து வருடக் காப்புறுதியைப் பற்றி விளக்க முயன்றேன். ‘‘அதான் தீந்துபோச்சுல்ல’’ என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வந்து மூன்றாவது முறை வாசித்தேன், இந்தத் தடவை அசுந்தாவை மட்டும் பின்தொடர்ந்து. மாம் அவளை மறைக்கவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். அவர் கெட்டிக்காரர். தேவையான எல்லாத் தகவலையும் வைத்திருக்கிறார். வில்சன் நிம்மதியாக இருந்த காலத்திலும் அவனுக்குச் சமைத்து, வீட்டைப் பெருக்கியவள் அவள்தான். கரிப்புகை நாறும் அறையிலிருந்து அவனைக் கண்டெடுத்தவளும் அவளே. கொட்டகை குளிர்காலத்தில் குளிரும், கோடையில் வேகும் என்பதும் கதையில் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் வில்சன் எவ்வளவு தாழ்ந்துபோனான் என்பதற்குச் சாட்சியாகத்தான் வருகிறது. கொட்டகை வில்சனின் வீழ்ச்சி. அது இன்னொருத்தியின் தினசரி வேலை என்ற கோணத்துக்குக் கதை திரும்புவதே இல்லை.

மனவுறுதி என்ற அந்த விளக்கத்தை இங்கே மறுபடி பாருங்கள். எதிர்ப்பு இருந்தால்தான் உறுதி வளரும், சொகுசில் தேயும் என்பது கதைசொல்லியின் கொள்கை. சரி, அப்படியானால் இந்தக் கதையில் உறுதி படைத்த ஆள் ஒருத்தி இருக்கிறாளே? கிளம்பச் சொல்லியும் போக வக்கில்லாத, செத்தும் சாகாத ஓர் அந்நியனை, வருமானம் எதுவும் இல்லாமல் ஆறு வருடம் வைத்திருப்பதற்கு எவ்வளவு உறுதி வேண்டும்? கதைசொல்லியின் கொள்கைக்கு நல்ல உதாரணம் இரண்டடி தூரத்தில் நிற்கிறது. அவர் கண்ணுக்குப் படவில்லை. நிலவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வில்சனுக்கு மாதிரியாக இருந்தவர் மாமின் நண்பர் ஜான் எலிங்கம் புரூக்ஸ் என்று சொல்வார்கள். புரூக்ஸ் காப்ரியிலேயே தங்கிவிட்டவர். அங்கே ஒரு வீட்டை அவரும் மாமும் எழுத்தாளர் ஈ. எஃப். பென்சனும் சேர்ந்து எடுத்து வைத்திருந்தார்கள். அதாவது மாமும் அந்தத் தீவுக்கு விருந்தாளிதான். கதை ஒரு விருந்தாளி இன்னொரு விருந்தாளியைப் பார்த்து எழுதியது.

இது காப்ரிக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. மாம் 1921இலும் மறுபடி 1925 வாக்கிலும் மலாயாவுக்கு வந்தார். துரைமார் பங்களாக்களிலும் கிளப்புகளிலும் கேட்டதைக் கதையாக்கினார். 1933இல் வந்த ‘ஆ கிங்’ தொகுப்பில் ‘ஃபூட்பிரிண்ட்ஸ் இன் தி ஜங்கிள்’ என்று ஒரு கதை. அதிலும் ஒரு விருந்தாளி. ரப்பர் விலை சரிந்து வேலை போன கார்ட்ரைட் என்பவனை, பிரான்சன் என்கிற தோட்டத் துரை தன் பங்களாவில் தங்க வைக்கிறான். கார்ட்ரைட்டுக்கும் துரையின் மனைவிக்கும் தொடுப்பு ஏற்படுகிறது. ஒரு மாலை, டவுனிலிருந்து தொழிலாளர் சம்பளப் பணத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வரும் பிரான்சன் காட்டுப்பாதையில் சுட்டுக் கொல்லப்படுகிறான். வழிப்பறி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வெகுநாள் கழித்துப் பணம் காட்டிலேயே கிடைக்கிறது. அப்போதுதான் போலீஸ் அதிகாரிக்குப் புரிகிறது, இது பணத்துக்காக நடந்த கொலை கிடையாது என்று.

துப்பறியும் கதையாக அருமையான திருப்பம். நானும் ரசித்தேன். ஆனால் அது யாருடைய பணம்? அந்த மாதச் சம்பளம். அதை நம்பித்தான் லயத்தில் கடைக்கணக்கு ஓடும், அரிசி வரும். பணம் மழையில் நனைந்து காட்டில் கிடந்த காலத்தில் அந்தத் தோட்டத்துக்காரர்களுக்குச் சம்பளம் போட்டார்களா, இல்லையா? கதையில் யாரும் கேட்கவில்லை. கொலையாளிக்குத் தண்டனை கிடைக்காதது ஒரு தார்மீகப் புதிராக நீள்கிறது. சம்பளம் ஒரு தடயமாக மட்டும் மிஞ்சுகிறது.

இதைப் படித்துவிட்டு மாமை ஏகாதிபத்தியவாதி என்று முத்திரை குத்தி மூடிவைப்பது சுலபம். நம் வட்டத்தில் சில நண்பர்கள் அதைத்தான் செய்வார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. காரணம் கார்க்கி.

மாக்ஸிம் கார்க்கி 1906இலிருந்து 1913 கடைசி வரை காப்ரியில் இருந்தார். நம் ஊரில் தொழிற்சங்கத்தில் இருந்த எந்தத் தாத்தா வீட்டிலும் இருக்கும் ‘தாய்’ நாவலின் அதே கார்க்கி. லெனின் இரண்டு முறை அவரைப் பார்க்க அங்கே வந்திருக்கிறார். மாமின் கதைசொல்லி வில்சனைச் சந்திக்கும் அந்த 1913 ஆகஸ்டில் கார்க்கியும் தீவில்தான் இருந்திருக்க வேண்டும். இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. அந்த வருடங்களில் கார்க்கி இத்தாலியைப் பற்றி ஒரு கதைத்தொகுப்பே எழுதினார். மீனவர்கள், வேலைநிறுத்தக்காரர்கள், தாய்மார்கள் என்று அதில் நிறையப் பேர் வருகிறார்கள். மாம் பார்க்காதவர்களையெல்லாம் அவர் பார்த்திருக்கிறார்.

அசுந்தாவுக்கு நியாயம் அங்கே கிடைக்கும் என்று நினைத்துத்தான் போனேன். ஏமாந்தேன். கார்க்கியின் இத்தாலியர்கள் ரொம்ப நல்லவர்கள். வெயில் மாதிரி பிரகாசிக்கிறார்கள். யாருக்கும் இடுப்பு வலிக்கிறாற்போல் தெரியவில்லை. மாமின் அசுந்தாவோ வில்சனைச் சும்மா உட்கார வைத்துப் பூஜிக்கவில்லை, எடுபிடி வேலை வாங்குகிறாள். சோறு போடுகிறவளுக்கு இருக்கும் உரிமைச் சலிப்பு அது. என் பாட்டி படுக்கையில் கிடந்த நாலு வருடமும் அம்மா திட்டிக்கொண்டேதான் பார்த்துக்கொண்டார். ஒருநாளும் பட்டினி போட்டதில்லை. அந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று மாமுக்குத் தெரிந்திருக்கிறது. கார்க்கிக்கு எல்லா அன்பும் இருந்தும் அந்த இடம் நழுவிவிட்டது. ஆகவே எனக்கு இன்னும் மாம்தான் பெரிய கலைஞர். கோபமும் அவர் மீதுதான்.

நம் எழுத்துக்கு வருவோம். மலேசியத் தோட்டத்தைப் பற்றித் தமிழ்நாட்டு வாசகருக்குத் தெரிந்த நாவல் என்றால் அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’. அவர் இங்கே வந்து போன பிறகு எழுதியது. அதுவும் விருந்தாளி எழுத்துதான். ஆனால் அவர் லயத்துக்குள் எட்டிப் பார்த்தார், துயரத்தைக் கண்டார். நம் சொந்த எழுத்தாளர்கள் அதைவிட நெருக்கமாக எழுதிவிட்டார்கள், அதில் சந்தேகமில்லை. எனக்கு இருக்கிற குறை வேறு. நான் வாசித்த தோட்டக் கதைகளில் யாரும் ஓய்வெடுப்பதில்லை. வெட்டுகிறார்கள், குடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், சாகிறார்கள். தெலுக் கெமாங் போகிற லோரியை நான் ஒரு கதையிலும் பார்க்கவில்லை. உழைப்பை எழுதினால் இலக்கியம், ஓய்வை எழுதினால் அற்பம் என்று நமக்குள் ஒரு கங்காணி உட்கார்ந்திருக்கிறானோ? அதனால் கடலைப் பார்த்து வாய்பிளக்கும் உரிமை வில்சன்களிடமே தங்கிவிட்டது. அம்மா கடலைப் பார்க்காமல் விரிப்பைப் பார்த்தார் என்று எழுதிவிட்டேன். அன்று இரவு பத்து மணிக்கு அவர் தனியாகப் பால்கனியில் ஒரு மணி நேரம் நின்றதையும் எழுத வேண்டும். என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

இன்னொரு வித்தியாசமும் மூன்றாவது வாசிப்பில் உறைத்தது. அசுந்தாவுக்குச் சொந்தமாக ஒரு விறகுக் கொட்டகை இருந்தது. தோட்டத்தில் அது இல்லை. லயம் கம்பெனியுடையது. வேலை செய்கிற வரைக்கும்தான் வீடு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது, தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் ஒரே வாரத்தில் விருந்தாளி ஆனார்கள். அந்த பயத்தில்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். ஒரு வில்சன் எங்கள் லயத்தில் வந்து விழுந்திருந்தால் அவனுக்குச் சோறு போட்டிருப்போம். படுக்க வைக்க இடம் எங்களுடையதாக இருந்திருக்காது.

இப்போது நான் வளர்ந்த தோட்டத்துக்கு வார இறுதிகளில் சைக்கிள் ஓட்டக் கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பழைய துரை பங்களா முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். செம்பனை வரிசைகளுக்கு நடுவில் காலைப் பனி, உண்மையிலேயே அழகாகத்தான் இருக்கிறது. நானும் போய் நாலு படம் எடுத்தேன். பழம் வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் படத்தின் ஓரத்தில் விழுந்திருந்தார். பதிவேற்றும்போது அவரை வெட்டிவிட்டேன். சட்டகம் சரியாக வரவில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த காரணம்.

போர்ட்டிக்சனில் கிளம்புகிற காலை, பசியாறிவிட்டு அறைக்கு வந்தால் அம்மா ஈரத் துண்டுகளையெல்லாம் பொறுக்கிக் குளியலறையில் ஒரே குவியலாகப் போட்டுக்கொண்டிருந்தார். குப்பையைக் கட்டி வாசலில் வைத்தார். நான் பத்து வெள்ளி நோட்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அம்மா அதை எடுத்து மேசைக்குக் கொண்டுபோனார்.

‘‘அடியில வச்சா மறந்துட்டுப் போனதுன்னு ஆபீஸ்ல ஒப்படைக்கணும். எடுத்தா திருட்டுன்னுவாங்க. பேப்பர்ல எழுதி வை.’’

விடுதியின் குறிப்புத் தாளில் நன்றி என்று எழுதி நோட்டை மேலே வைத்தேன். மலாயிலும் எழுதச் சொன்னார். எழுதினேன்.